வந்து சேராத பாத்திரம்

காலையிலேயே வாக்கி டாக்கி செத்துப்போயிருந்தது. இசாவுரா அதைத் தட்டிப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள், காதோரம் பிடித்துக் குலுக்கியும் பார்த்தாள். ஒரு கரகரப்புகூட இல்லை. புது பேட்டரி வந்துகொண்டே இருக்கிறது என்று மேற்பார்வையாளர் தாமியாவ் சொல்லத் தொடங்கி, ஒரு மழைக்காலமே முடியப்போகிறது.

குன்றடியில் போனுக்கும் சிக்னல் கிடையாது. ஆகவே கோல்தான் கதி.

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய, முழங்கை நீளக் கோல். ஒன்றாம் எண் நெடுஞ்சாலையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த அந்த இடத்தில், மேற்குப் பாதியை ஆள் உயரத்துக்கும் மேலே ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். மிச்சமிருந்த கிழக்குப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள்தான் போகலாம். தெற்கு முனையில் கொடியும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான பலகையுமாக இசாவுரா. குன்றைச் சுற்றிப்போய், ஓடைப் பாலத்தைத் தாண்டி, கண்ணுக்கு எட்டாத வடக்கு முனையில் கொடியோடு இன்னொருவர். ஒரு முனையிலிருந்து வண்டிகளை விடும்போது கடைசி வண்டிக்காரனிடம் கோலைக் கொடுத்து அனுப்ப வேண்டும். கோல் அடுத்த முனைக்கு வந்து சேர்ந்தால், உள்ளே வண்டி ஏதும் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அந்த முனையிலிருந்து விடலாம்.

வடக்கு முனையில் நின்ற அந்த இன்னொருவர் அவளுடைய புருஷன் பௌஸ்தினோ.

சாலை போடும் கம்பெனி பக்கத்து ஊர்க்காரர்களைக் கொடி பிடிக்க எடுத்தபோது, ஆளுக்கொரு முனையில் புருஷன் பெண்டாட்டி, நல்ல பொருத்தம் என்று ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில் இசாவுராவும் சேர்ந்துகொண்டாள். இப்போது ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. வீட்டில் அவன் வாசலில் பாய் விரித்துப் படுத்தான். அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். சாலையில் மட்டும், வேறு வழியில்லாமல், கோல் இருவருக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவரும் டிரைவர்களிடம் பௌஸ்தினோ ஏதாவது சொல்லி அனுப்புவான். வெயில் கடுமையாக இருக்கிறது, தொப்பி போட்டுக்கொள் என்பான். உன் நாய் இங்கே வந்து நிற்கிறது என்பான். அவள் ஒன்றுக்கும் பதில் அனுப்பவில்லை.

"என்ன அக்கா, இன்னிக்காவது பேசினீங்களா? இல்ல, இன்னும் கோல்தான் குடும்பம் நடத்துதா?" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"உன் வேலையைப் பாத்துக்கிட்டு ஓட்டு" என்பாள்.

சண்டைக்குக் காரணமும் இதே சாலைதான். முன்பு பௌஸ்தினோ இதில் லாரி ஓட்டினான். பக்கத்து இருக்கையில் உதவியாளாகப் போனவன் இசாவுராவின் தம்பி அர்மிந்தோ. ஒரு சாயங்காலம், குளம்போலக் கிடந்த குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கி டயர் வெடித்தது; லாரி புரண்டது. பௌஸ்தினோ நெற்றியில் ஒரு தழும்போடு வெளியே வந்தான். அர்மிந்தோ வரவில்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சவப்பெட்டியின் மேல் கைவைத்துச் சொன்னான். அவள் அதை நம்பித்தான் மறுபடி சோறு தின்னத் தொடங்கினாள். இப்போது வடக்கே புதுச் சாலை முடிந்த பகுதி வழவழவென்று மின்னுகிறது. மர லாரி ஓட்டும் முஷாங்காவின் முதலாளி இன்னொரு லாரி வாங்கப்போகிறார். ஓட்ட வருகிறாயா என்று கேட்டதற்கு பௌஸ்தினோ சரி என்று சொல்லிவிட்டான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். முஷாங்கா வாழ்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்று பெய்ரா நகரத்திலிருந்து வந்த பச்சைப் பஸ் அவளுடைய பலகைக்கு முன்னால் வந்து நின்றதும், ஜன்னலிலிருந்து பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெரிய தலை வெளியே வந்தது.

"அடியே இசாவுரா! என்னடி இது கோலம்? கொடிக்கம்புக்குப் பதிலா உன்னையே நட்டுட்டாங்களா?"

எர்மெலிந்தா. இவர்கள் கல்யாணத்தில் ஞானத்தாயாக நின்றவள். புருஷன் பெண்டாட்டிக்குள் தீராத சண்டை என்றால் பெற்றவர்களிடம் யாரும் போவதில்லை, ஞானத்தாயைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வைத்ததுதான் தீர்ப்பு. முந்தின இரவு இசாவுராதான் போன் செய்து அழுதிருந்தாள்.

"வாங்கம்மா. இறங்குங்க, அந்த நிழல்ல உக்காந்து பேசலாம்."

"இறங்கவா? நான் இறங்கினா மறுபடி ஏத்துறதுக்குக் கிரேன் வேணும். முதல்ல அங்க போறேன். அவன் காதைத் திருகிட்டுத் திரும்பி வந்து உன் காதைத் திருகுறேன்."

"என் பக்கத்து நியாயத்தை முதல்ல கேளுங்களேன்."

"ராத்திரி பூரா கேட்டேனே! என் போன்ல சார்ஜ்தான் போச்சு, உன் வாய் ஓயல."

பஸ் முழுக்கச் சிரித்தது. புது டிரைவர் எல்சியோகூட ஸ்டியரிங்கில் தலை கவிழ்த்துச் சிரித்தான். மீசை சரியாக முளைக்காத முகம் அவனுக்கு.

அப்போது வடக்கிலிருந்து வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒரு கார், ஒரு சிமெண்ட் லாரி, இன்னும் சில. கடைசியாக, கூரைமேல் கோழிக்கூடைகள் ஆட, தினிஸின் பயணிகள் வேன். அவன் ஜன்னல் வழியே கோலை நீட்டினான்.

"இந்தாங்க அக்கா, உங்க குடும்பக் கோல். அப்புறம் அண்ணன் சொல்லச் சொன்னாரு. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடணுமாம். உப்பு கூடியிருந்தா மன்னிச்சிடணுமாம்."

"எதைச் சாப்பிடணுமாம்?"

தினிஸ் அதற்குள் பின்னால் திரும்பி, சில்லறைக்குச் சண்டை போட்ட ஒரு பயணியோடு கத்திக்கொண்டிருந்தான். பஸ் ஜன்னலில் எர்மெலிந்தா கைகொட்டினாள். "சமைச்சானா? அவனா? வெந்நீர் வெச்சா அடிபிடிக்க விடுறவனாச்சே!" பஸ் மறுபடி சிரித்தது.

இசாவுராவுக்குக் காது மடல் சுட்டது. பாத்திரமும் இல்லை, சாப்பாடும் இல்லை. அவள் ஒரு வாரமாக மத்தியானம் பட்டினி கிடப்பது தெரிந்தே, ஊர்பேர் தெரியாதவர்கள் முன்னால் கிண்டல் செய்கிறான். வேறொரு நாளாக இருந்தால், கோல் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வியை தினிஸிடமும் கேட்டிருப்பாள். உள்ளே யாரும் தங்கிவிடவில்லையே? அன்று கேட்கவில்லை. பலகையைப் பச்சைப் பக்கம் திருப்பினாள்.

"போங்க, போங்க. போய் அவன் சமையலை நீங்களே தின்னுங்க!"

பஸ் உறுமிக்கொண்டு உள்ளே போய்ச் செம்மண் புழுதியில் மறைந்தது.

பின்னால் நின்ற பிக்கப் நகரவில்லை. அதிலிருந்து ஓர் ஆடு குதித்து ஓட, அதன் டிரைவர் ஆட்டைத் துரத்திக்கொண்டு புதருக்குள் போயிருந்தான். அவன் வரட்டும் என்று இசாவுரா நின்றாள். சண்டை முடிந்த தினிஸ் இறங்கி வந்து அவளுடைய குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான்.

"என்னா வாசனை அக்கா அது! பூசணிக்கீரை, வேர்க்கடலைப் பொடி போட்டு. என்கிட்ட குடுத்தனுப்புங்கண்ணேன்னு கேட்டேன். நீ வழியிலேயே வழிச்சு நக்கிடுவே, முஷாங்கா மாமாவுக்குத்தான் கடலை ஒத்துக்காது, தொட்டா உடம்பு தடிச்சிடும், அவர்கிட்டதான் குடுப்பேன்னுட்டாரு. நம்பிக்கையே இல்ல மனுஷனுக்கு."

இசாவுரா அவனைப் பார்த்தாள். "முஷாங்கா மாமாகிட்டயா குடுத்தாரு?"

"ஆமா. எனக்கு முன்னால போன மர லாரி. கப்புலானா துணியில முடிஞ்ச எனாமல் பாத்திரம். உங்க கையில இன்னும் குடுக்கலையா?"

"மர லாரி வரவே இல்லையே, தினிஸ்."

தினிஸ் வாயில் இருந்த தண்ணீரை விழுங்கினான். "மேட்டுல ஒதுக்கிட்டாரு அக்கா. பிரேக் சூடாயிடுச்சு போல. சரளை எடுத்த இடத்துல ஓரங்கட்டி, எங்களை முன்னால போகச் சொல்லிக் கைகாட்டினாரு. நல்ல மனுஷன்..." அவன் குரல் தேய்ந்தது. "கோல் என் கையிலதானே இருந்துச்சு."

மெதுவாகப் போகிறவன் ஒதுங்கிப் பின்னால் வருபவனுக்கு வழிவிடுவது இந்தச் சாலையில் மரியாதை. வழிவிட்டவனுக்கு ஹாரன் அடித்து நன்றி சொல்வதும் மரியாதை. கோல் அந்த லாரியையும் முந்திக்கொண்டு போகிறதே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உள்ளே பாரம் ஏற்றிய மர லாரி. எதிரே அவள் அனுப்பிய பஸ். நடுவே ஒற்றைத் தடம். பஸ்ஸில் எத்தனை குழந்தைகள் ஜன்னலில் முகம் வைத்திருந்தன என்பது இப்போதுதான் அவள் கண்ணுக்குள் வந்தது.

"இந்தப் பலகையைப் பிடி. சிவப்பு. உங்க அம்மாவே வந்தாலும் விடாதே."

"அக்கா, என் பயணிங்க..."

"பிடிடா!"

மரத்தடியில் வாடகை மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கீதோவின் பின்னால் அவள் ஏறி உட்கார்ந்தபோது கோலும் கொடியும் கையிலேயே இருந்தன. "பஸ்ஸைப் பிடி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கூலி பேசவில்லை.

பஸ்ஸின் புழுதியைப் பிடித்துவிட்டார்கள். பஸ்ஸைத்தான் பிடிக்க முடியவில்லை. இடதுபுறம் பள்ளம், வலதுபுறம் வெட்டிய மண்சுவர். நடுவே பஸ் போனால் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலம்கூட மிச்சமில்லை. கீதோ ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். பஸ்ஸுக்குள் ஓடிய பாட்டுச் சத்தத்துக்கு முன்னால் அது கொசுவின் முனகல்.

"கரி மூட்டைக்காரங்க பாதை!" என்று அவன் காதில் கத்தினாள்.

குன்றைச் சாலை சுற்றிக்கொண்டு போகும். கரி சுமக்கும் சைக்கிள்காரர்கள் சுற்றமாட்டார்கள், நேராக ஏறி இறங்குவார்கள். கீதோ வண்டியைத் திருப்பி அந்த ஒற்றையடிப் பாதையில் ஏற்றினான். முள் அவள் முழங்காலைக் கிழித்தது. வண்டி இரண்டு முறை வழுக்கிச் சாயப்பார்த்தது. இரண்டு முறையும் அவள் காலை ஊன்றித் தள்ளினாள். பஸ்ஸில் சிரித்துக்கொண்டிருந்த எர்மெலிந்தாவின் முகம்தான் கண்ணில் நின்றது. இறங்குங்க என்று நான் இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாமே. சமையலை நீங்களே தின்னுங்க என்றேனே. கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுவாகவா இருக்கும்?

பாதை, ஓடைப் பாலத்துக்கு அப்பால் சரிவின் பாதியில் வந்து சாலையைத் தொட்டது. கீழே வளைவில் பஸ்ஸின் புழுதி எழுந்துகொண்டிருந்தது. மேலே, மேட்டின் உச்சியில், முஷாங்காவின் லாரி மூக்கை நீட்டியது. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரத்துண்டுகள் சங்கிலிக்குள் மலைபோல.

"நீ பஸ்ஸை நிறுத்து" என்று கொடியை கீதோவிடம் எறிந்துவிட்டு, அவள் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினாள்.

முஷாங்கா அவளைப் பார்த்தார். அந்த முனையில் இருக்க வேண்டியவள் இந்த இடத்தில், கையில் கோலோடு. மனிதருக்குப் புரிந்துவிட்டது. பிரேக் கிறீச்சிட்டது, சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது, ஊற்றுநீர் கசிந்து ஊறிய சரிவு மண்ணில் லாரி வழுக்கிக்கொண்டே வந்தது. ஹாரன் குன்றெல்லாம் எதிரொலித்தது. அவள் மண்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். ஒரு சக்கரம் அவள் கால் விரலை உரசுவதுபோலப் போய், இன்னும் கொஞ்சம் போய், நின்றது. கீழே பஸ்ஸும் கீதோவின் கொடிக்கு முன்னால் குலுங்கி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு கட்டலாம், அவ்வளவு இடம்தான்.

"அம்மா தாயே," என்று முஷாங்கா ஜன்னலில் தலையை வைத்துச் சொன்னார். "லாரி நிக்குதுன்னு பின்னால வர்றவனுக்குத் தெரிய மேட்டுல பச்சைக் கிளை வெட்டிப் போட்டுட்டுத்தான் நின்னேன். முன்னால இருந்து ஒருத்தன் வருவான்னு யாரு கண்டா?"

"இறங்குங்க மாமா, அப்புறம் பேசலாம்."

"இறங்க முடியாதும்மா. கால் பிரேக் போயிடுச்சு. கைப்பிரேக்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

அவருடைய உதவியாளன் குதித்து, சக்கரங்களுக்கு அடியில் கற்களை உருட்டிப் போட்டான்.  கரக். கல் சேற்றில் அரை விரற்கடை நகர்ந்தது. கரக். மறுபடி.

"பஸ்ஸை எடுக்கச் சொல்லு!" என்று முஷாங்கா கத்தினார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் சரளைக் குவியல் இருக்குல்ல, அங்க ஒதுங்கச் சொல்லு. இது நிக்காது!"

ஆட்களை இறக்கிவிடலாம் என்றுதான் இசாவுரா முதலில் நினைத்தாள். ஓடிப்போய்ப் பார்த்தாள். பஸ்ஸின் கதவு இடதுபுறம். கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே பள்ளம். அடியில் கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். வலதுபுறம் மண்சுவர் ஓர் ஆள் ஒடுங்கி நுழையும் இடுக்குதான் விட்டிருந்தது; ஒவ்வொருவராக ஜன்னலில் இறக்க நேரமில்லை. யாரோ பின்கண்ணாடியைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் வீறிட்டன.

எல்சியோ ரிவர்ஸ் போட்டான். பின்சக்கரம் விளிம்பு மண்ணை ஒரு கூடை அளவு சரித்தது. பஸ் பள்ளத்தின் பக்கம் சாய்ந்ததுபோலிருக்க, உள்ளே ஒரே அலறல். அவன் பிரேக்கை மிதித்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டான்.

"என்னால முடியாது. முடியாதுக்கா. நான் நேரா மட்டும்தான் நல்லா ஓட்டுவேன்."

"அடேய், இதை டிக்கெட் வாங்கும்போதே சொல்லியிருக்கணும்டா!" என்று எர்மெலிந்தாவின் குரல் உள்ளிருந்து வந்தது. 

லாரியை ஒட்டிய சந்தில் ஒரு சைக்கிள் உருண்டு வந்தது. யாரோ கரி வியாபாரியின் சைக்கிள். ஹாரனைக் கேட்டதுமே தன் பலகையை அவரிடம் திணித்துவிட்டு பௌஸ்தினோ அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு லாரியைப் பார்த்தான், கற்களைப் பார்த்தான், பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்தான். எல்லாம் ஒரே பார்வையில். பிறகு அவளைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான்.

அவன் எதற்காக நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சவப்பெட்டியின் மேல் அவன் வைத்த கை அவள் கண்முன் வந்தது. நெற்றித் தழும்பில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கரக் என்றது கல்.

"ஏறு" என்றாள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவன் டிரைவர் ஜன்னல் வழியே, மண்சுவரில் காலை உதைத்து உள்ளே நுழைந்தான். எல்சியோவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். ஜன்னலில் தலையை நீட்டினான். "இசா, பின்னால போ. பள்ளத்து ஓரமா நில்லு. இடது கண்ணாடியில எனக்கு நீ தெரியணும். வேற எதுவும் தெரிய வேண்டாம்."

"மண்ணு சரியுது."

"அதனாலதான் உன்னைக் கேக்குறேன்."

அவள் மண்சுவரில் முதுகு தேய்த்துக்கொண்டு பஸ்ஸின் பின்னால் போனாள். விளிம்பில் நின்றாள். பஸ் சரிந்தால் முதலில் அவள்தான். கோலைத் தலைக்குமேல் நேராகப் பிடித்தாள். சிறிய வட்டக் கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன.

"உள்ள எல்லாரும் வலது பக்கம் வாங்க!" என்று அவன் கத்துவது கேட்டது. "எர்மெலிந்தாம்மா, நீங்க முதல்ல!"

"என் எடையைப் பத்திப் பேசுறதுக்கு இதுவாடா நேரம்!"

பஸ் நகர்ந்தது. அவள் பின்னால் காலைத் துழாவி ஓர் அடி வைத்தாள். கோல் நேராக இருந்தால் நேரே வா. வலதுபுறம் சாய்த்தால் சுவர்ப்பக்கம் ஒடி. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அப்போதே உண்டாக்கிக்கொண்டார்கள். சக்கரம் விளிம்பைத் தொட்டது. கோலைச் சாய்த்தாள். சக்கரம் உள்ளே போனது. காலடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு செருப்பு பள்ளத்தில் விழுந்தது, சத்தம் கேட்கவே இல்லை. இன்னொரு அடி. கண்ணாடியில் அந்தக் கண்கள் இமைக்கவில்லை. அர்மிந்தோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றும் இவன் இப்படித்தான் சாலையைப் பார்த்திருப்பானா? பார்த்துத்தான் இருப்பான். குழிதான் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. இவ்வளவு காலமாக அவள் தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று அது.

பாலம் வந்தது. அதில் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. அவள் அதன் ஓரத்தில் பின்னோக்கி நடந்தாள், ஒரு காலில் செருப்போடு. பஸ் பின்னால் வர, பாலத்தின் பலகைகள் முனகின. பாலம் முடிந்தது. சரளைக் குவியல். அவள் கோலை முழுதாகச் சாய்த்து ஆட்டினாள். பஸ் பின்பக்கமாகக் குவியலின் மேல் ஏறிச் சாய்ந்து ஒதுங்கியது.

மேலே முஷாங்காவின் உதவியாளன் அலறினான்.

கற்கள் தெறித்தன. லாரி பாரத்தோடு இறங்கி வந்தது. சற்று முன் பஸ் நின்ற இடத்தை விழுங்கியது, பாலத்தில் தடதடத்தது, பஸ்ஸின் முகப்புக் கண்ணாடி அதிர அதைத் தாண்டிப் போனது. அதன் காற்று இசாவுராவைச் சரளையில் உட்காரவைத்துவிட்டது. எதிர்ப்பக்கத்து ஏற்றத்தில் ஏறி, மூச்சிரைத்து, வேகம் குறைந்து, மெல்லப் பின்னால் உருளத் தொடங்கிய லாரியை முஷாங்கா மண்சுவரில் சாய்த்து நிறுத்தினார். ஒரு மரத்துண்டுகூட விழவில்லை.

 பஸ்ஸுக்குள் ஒரு கைக்குழந்தை மட்டும் பசிக்கு அழுதது.

பிறகு முஷாங்கா சரிவில் இறங்கி நடந்து வந்தார்.  இரண்டு கையாலும் ஒரு பாத்திரத்தை ஏந்தியிருந்தார், மஞ்சள் கப்புலானா துணியில் முடிந்தது. இசாவுராவின் மடியில் வைத்தார்.

"மூடியைக்கூடத் தொடலைம்மா. என்னைச் சந்தேகப்படாதே."

தாமியாவ் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது பயணிகள் சரளையில் இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். "யாரு பஸ்ஸை விட்டது?" என்றார்.

"நான்தான் சார்" என்று இசாவுரா எழுந்தாள். "கோல் வந்துச்சு. ஆனா உள்ள யாராவது தங்கிட்டாங்களான்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்" என்றார் முஷாங்கா.

"லாரியில பாத்திரத்தை அனுப்பினது நான்" என்றான் பௌஸ்தினோ.

"எல்லாரும் மகா யோக்கியங்க" என்றாள் எர்மெலிந்தா. அவள் பஸ் படியில் அடைத்துக்கொண்டு நின்றாள். "தம்பி தாமியாவ், அந்தப் பேச்சுப் பெட்டி பேசியிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது. அதுக்கு எந்த யோக்கியன் பொறுப்பு?"

தாமியாவ் இசாவுராவின் இடுப்பில் தொங்கிய வாக்கி டாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாயங்காலம் ஆபீஸுக்கு வா, இசாவுரா. எழுதித்தான் ஆகணும்."

"வரேன் சார். என்ன எழுதணுமோ எழுதுங்க. பேட்டரி வரலைங்கிறதையும் சேர்த்து எழுதுங்க."

பஸ் வடக்கே போயாக வேண்டும். எல்சியோ பின் இருக்கையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வடக்கு முனைவரை பௌஸ்தினோவே ஓட்டுவது என்றானது. அவன் ஜன்னலோரம் கையை நீட்டினான், கோலுக்காக. இந்த முறை வடக்கே போகும் கடைசி வண்டி அதுதான்.

அவள் கோலைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

"நீ இன்னும் திறக்கவே இல்லையே!"

"வாசனையிலேயே தெரியுது." பிறகு தாழ்ந்த குரலில், "முஷாங்கா மாமாவோட முதலாளிகிட்ட நீ ஒத்துக்கிட்டது இன்னும் எனக்குப் பிடிக்கல. என்னைக் கேக்காம ஒத்துக்கிட்டது அதைவிடப் பிடிக்கல."

"தெரியும்."

"இப்பக் கேளு."

 எர்மெலிந்தா வெளிப்படையாகவே காதைத் தீட்டிக்கொண்டாள். பௌஸ்தினோ ஸ்டியரிங்கைப் பார்த்தான், அதன்மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தான்.

"ஓட்டட்டுமா, இசா?"

"முதல் தடவை அர்மிந்தோ சீட்டுல நான் உக்காருவேன். போகவும் வரவும். அதுக்கப்புறம் சொல்றேன்."

 அவன் தலையை அசைத்தான். அவள் கோலை அவன் கையில் வைத்தாள்.

"அப்ப எனக்கு இங்க வேலையே இல்லையா?" என்று எர்மெலிந்தா பொருமினாள். "நான் பஸ்ஸை விட்டே இறங்கலையேடி! சீவனைக் கையில பிடிச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்து, ஒரு காதுகூடத் திருகாமத் திரும்பிப் போறதா?"

"வீட்டுக்கு வாங்கம்மா. ராத்திரி திருகிக்கலாம்."

பஸ் மேட்டில் ஏறி மறைந்தது. முஷாங்காவின் லாரியை வெளியே இழுக்கக் கம்பெனியின் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. கீதோ வண்டியில் ஏறச் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். மஞ்சள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, தன் முனைக்கு நடந்தே போனாள். வழியில் இருந்த ஒவ்வொரு ஒதுக்கிடத்திலும் நின்று, குவியல்களுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். முஷாங்காவின் லாரியைத் தவிர ஒரு வண்டியும் இல்லை.

தெற்கு முனையில் தினிஸ் இன்னும் பலகையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றான். பின்னால் வண்டி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆடு பிடிபட்டுவிட்டது.

"அக்கா! வந்துட்டீங்களா! என்னைத் திட்டாத வாய் இல்ல. ஒருத்தன் கல்லால அடிப்பேன்னான். ஒரு ஈ, காக்காயைக்கூட விடல."

"பிடிச்சுக்கிட்டே இரு" என்றாள். "முஷாங்கா மாமா லாரி வெளிய வரட்டும், அப்புறம் கோல் வரட்டும். வந்ததும் கொண்டுவந்தவன்கிட்ட கேக்கணும்."

மரத்தடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். சோளக்களி ஓரத்தில் வெடித்திருந்தது. கீரை அடியில் கருகியிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள். நிஜமாகவே உப்பு கூடித்தான் இருந்தது. அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. ஆறிப்போவதற்குள் முழுவதையும் சாப்பிட்டாள்.